கொக்கி மேலதான் குத்தம்

நீங்க இந்தப் பக்கம் வந்துருங்க சார். நான் ஜன்னலோரம் நகர்ந்துக்கறேன், நீங்க எனக்கு வலப்பக்கமா உக்காருங்க. இடது பக்கம் திரும்பிப் பேசினா எனக்குக் கழுத்து புடிச்சுக்கும். பட்டாளத்துல வந்த வெனை. ஆங், இப்ப சரி. எதுவரைக்கும் போறீங்க? திருப்பத்தூரா? நான் சின்னேரிப்பட்டு கூட்ரோடுல எறங்கிடுவேன். அதுவரைக்கும் பேச்சுத்தொணை ஆச்சு.

இத்த ஒரு தபா கையில வாங்கிப் பாருங்க. பயப்படாதீங்க, தோட்டா இல்ல. கொக்கி. துப்பாக்கிய தோள்ல மாட்றதுக்கு ஒரு பட்டை இருக்கும்ல, ஸ்லிங்குன்னு சொல்வோம், அத்த துப்பாக்கியோட சேக்கற கொக்கி. நடுவுல பட்டன் இருக்குதா? அமுக்குங்க. ஓரத்துல நாலு குட்டிக் குண்டு இருக்குது பாருங்க, அமுக்கினா உள்ள போவுது, விட்டா வெளிய வருது. துப்பாக்கிக் கட்டையில இதுக்குன்னு ஒரு குழி இருக்கும். அமுக்கி நுழைச்சு விட்டா டக்குனு ஒரு சத்தம் வரும். வந்துச்சுன்னா புடிச்சுகிச்சுன்னு அர்த்தம். மறுபடி பட்டனை அமுக்கினா ஒரே இழுப்புல கழண்டு வந்துரும். குடுங்க, பாக்கெட்ல வச்சுக்கறேன். இம்மாந்தூண்டு சாமான். இதால ஒருத்தன் வேலை போச்சு.

என் பேரு ஏகாம்பரம். பட்டாளத்துல இருபத்திநாலு வருஷம், அவில்தாரா வெளிய வந்தேன். கடைசி எட்டு வருஷம் ஃபயரிங் ரேஞ்சுல உஸ்தாத், அதாவது புதுசா வர்ற பசங்களுக்குச் சுடறதுக்குச் சொல்லிக் குடுக்கற வாத்தியாரு. காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் டமால் டமால்னு காதோரத்துலயே வெடிச்சுகினு இருக்கும். எனக்கு ஒண்ணும் ஆவல. சில பேருக்கு அந்தச் சத்தத்துல காது போயிரும், பாவம்.

இப்ப பேங்குக்குப் பணம் கொண்டு போற வேன்ல கன்மேன். கம்பெனி பேரு வேணாம் சார். துப்பாக்கி என்னுது, லைசென்ஸும் என் பேர்ல. த்ரீ ஒன் ஃபைவ் ரைபிள்.

காஷ்மீர்ல இருந்தப்ப ரைபிளை இடுப்பு பெல்ட்டோட சங்கிலி போட்டுப் பூட்டி வச்சிருப்போம். சாப்பிடும்போதும் அப்படித்தான், படுக்கும்போதும் அப்படித்தான். எவனும் புடுங்கிகினு ஓடிறக்கூடாது பாருங்க. இங்க இன்னாடான்னா கழட்றதுக்குன்னே ஒரு சாமானைக் கண்டுபுடிச்சு வச்சிருக்கான். நானா கேட்டேன்? என் பழைய பட்டை ரெண்டு பக்கமும் வளையம் போட்டு ஸ்க்ரூ வச்சு முடுக்கினது. ஒரு நாள் வேன் கதவுல மாட்டிகினு நான் குப்புற விழப் பாத்தேன். உடனே ஆபீஸ்ல, மாத்து, பட்டன் கொக்கி போடு, காலையில மாட்டிக்கோ, எங்கயாவது சிக்கினா ஒரே அமுக்குல கழட்டிக்கலாம்னு சொல்லிட்டாங்க. வேலூர்ல துப்பாக்கிக் கடை வச்சிருக்கற பரந்தாமன்தான் கட்டையில குழி தோண்டி இத்த மாட்டிக் குடுத்தாரு.

இப்ப வர்ற சாமான் எதையும் நம்ப முடியாது சார். போனு மூணு மாத்திட்டேன். ஒண்ணும் ஒழுங்கா மணி அடிக்கல. பொண்ணு ஓசூர்ல இருக்குது, எத்தினி தபா அடிக்கறேன், எடுக்கவே மாட்டேன்றியேப்பான்னு கோச்சுக்குது. அடிச்சாத்தானே எடுக்கறதுக்கு? கடைக்காரன்கிட்ட எடுத்துகினு போனா அவன் அங்கயே அடிச்சுக் காட்டிட்டு என்னைப் பாத்து சிரிக்கிறான். நாலாவது ஒண்ணு தலையில கட்டலாம்னு பாக்கறான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். வேன் டிரைவர் எத்திராஜ். நாப்பது வயசு இருக்கும். அதுக்கு முன்னாடி பால் வண்டி ஓட்டினவன். ரெண்டு வருஷமா அவனும் நானும் ஒரே வண்டி. அவன் ஸ்டீரிங்ல, நான் பக்கத்து சீட்ல. பின்னாடி பெட்டியோட ரெண்டு பேரு இருப்பாங்க, அவங்க மாறிகினே இருப்பாங்க. நாங்க ரெண்டு பேரும் மாறல.

அவன்கிட்ட ஒரு கெட்ட பழக்கம் சார். காலையில ஆபீஸ் வாசல்ல நான் கொக்கிய மாட்டி ரைபிளைத் தோள்ல போட்டேன்னு வைங்க, கண்ணாடி தொடச்சிகினு இருக்கறவன் துணிய வச்சிட்டு வருவான். பட்டைய மேல ஒரு இழு, கீழ ஒரு இழு. இழுத்துட்டு, "போலாம்ண்ணா"ன்னுவான். தெனம் சார். சில நாள் கழட்டி மறுபடி அவனே மாட்டுவான். இன்னாடான்னு கேட்டா, "சும்மாண்ணா, இன்னொரு தபா"ன்னுவான். நீங்களே சொல்லுங்க, இருபத்திநாலு வருஷம் துப்பாக்கியோட குடும்பம் நடத்தினவன் நான். எனக்குப் பால் வண்டிக்காரன் கொக்கி மாட்டிக் காட்றான்.

மத்தபடி நல்லவன்தான். நல்லாப் பேசுவான். ஊட்ல எனக்கு யாரும் இல்ல, சம்சாரம் போயி மூணு வருஷம் ஆவுது. ஞாயித்துக்கிழமை லீவு. அன்னிக்கு நான் வாயத் தொறக்கறதே இல்ல சார். திங்கக்கிழமை காலையில முதல் வார்த்தை வரும்போது தொண்டை கரகரங்கும். எத்திராஜ் வண்டிய எடுத்தான்னா அவன் மச்சான் கதை, அவன் பொண்டாட்டி சீட்டுப் புடிக்கிற கதை, எதுத்தாப்ல வர்ற லாரிக்காரன் கதைன்னு சாயங்காலம் வரைக்கும் ஓடும். அவன் பேசறது மட்டும் எனக்கு ஒரு வார்த்தை தப்பாது. மத்தவங்கல்லாம் இப்பல்லாம் வாய்க்குள்ளயே முணுமுணுக்கறாங்க. பேங்க் மேனேஜருங்க இருக்காங்களே, மகா மோசம்.

தை மாசம் ஆபீஸ்க்கு ஒரு புது அதிகாரி வந்தாரு. சின்ன வயசு, டை கட்டின ஆளு. எத்திராஜ் பட்டைய இழுக்கறதப் பாத்துட்டு சிரிச்சாரு. "இன்னா சார், உங்களுக்கு டிரைவர்தான் டிரெஸ் பண்ணி விடறாரா?"ன்னாரு. நாலு பேரு சிரிச்சாங்க. எனக்கு உள்ளங்கால்லேருந்து ஏறிச்சு. எத்திராஜைப் பாத்து, "இனிமே என் துப்பாக்கியில கை வச்சே, கைய ஒடிச்சுருவேன்"ன்னேன். எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன். அவன் மூஞ்சி சுண்டிப் போச்சு. "சரிண்ணா"ன்னான். வண்டியில ஏறினப்புறம், "நீங்களே ஒரு தபா இழுத்துப் பாத்துக்குவீங்களாண்ணா?"ன்னு கேட்டான். எனக்கே சொல்லித் தர்றியாடா, வண்டிய ஓட்ரான்னேன். அன்னிக்கு மச்சான் கதை ஒண்ணும் வரல.

அதுக்கு மூணாவது நாள் விழுந்துச்சு.

ஒரு பேங்குல. பெட்டியத் தூக்கிகினு ரெண்டு பேரு முன்னால போறாங்க, நான் பின்னால. வாசப்படி தாண்டி நாலு எட்டு வச்சிருப்பேன். தோளு லேசாச்சு. அவ்ளோதான் தெரிஞ்சுது. திரும்பிப் பாக்கறேன், ஒரு முனை கழண்டு பட்டை தோள்லேருந்து உருவிகினு போயிருக்குது, ரைபிள் கிரானைட் தரையில வழுக்கிகினு போயி வரிசையில நிக்கற ஒரு அம்மா காலடியில நிக்குது. தோட்டா ஏத்தி வக்கிற பழக்கம் எனக்குக் கெடையாது, அதால உசுருக்கு ஒண்ணும் ஆவல. ஆனா அத்தினி ஜனமும் தரையோட தரையா படுத்துகிச்சு. மேனேஜர் மேசைக்கு அடியில. சைரன் வேற அடிச்சுதாம். அப்பால சொன்னாங்க. நான் கவனிக்கல. அந்த நேரத்துல யாருக்கு சார் சைரன் மேல கவனம் போவும்?

எவனோ போன்ல புடிச்சிருக்கான். நான் முட்டி போட்டு அந்த அம்மா காலுகிட்ட ரைபிளை எடுக்கறேன். அது ஊரு பூரா சுத்தி ஓசூர் வரைக்கும் போயிருச்சு.

விசாரணைன்னாங்க. என் மேல குத்தம்னு எழுதினா கலெக்டர் ஆபீஸுக்குத் தகவல் போவும், லைசென்ஸை ரத்து பண்ணிருவாங்க. துப்பாக்கி இல்லாத கன்மேனை எவன் வேலைக்கு வெப்பான்? வேலை இல்லன்னா நான் எங்க சார் போவேன்? பென்ஷன் வருது, சோத்துக்குக் கொறை இல்ல. ஆனா தெனம் ஞாயித்துக்கிழமையா இருக்கும். ஊட்ல நாலு செவரு, நானு.

அதால பேப்பர்ல எழுதிக் குடுத்தேன். மனப்பாடமா சொல்றேன் கேளுங்க. "கொக்கி மாட்டும்போது டக் என்ற சத்தம் கேட்டது. கொக்கி சரியாகத்தான் மாட்டப்பட்டது. மேற்படி துப்பாக்கியில் தினமும் காலையில் டிரைவர் எத்திராஜ் கை வைப்பது வழக்கம்." அவ்ளோதான். அவன் கழட்டினான்னு எழுதினேனா? இல்ல. கை வைப்பது வழக்கம். வழக்கமா இல்லையா? இதுல எந்த வார்த்தை சார் பொய்யி?

விசாரணைக்கு அந்த டை கட்டின ஆளும் இன்னும் ரெண்டு பேரும் உக்காந்திருந்தாங்க. கேமராவுல பாத்தாங்க. பழைய நாள்ல எல்லாம் எத்திராஜ் இழுக்கறது நல்லாத் தெரியுது. விழுந்த அன்னிக்குக் காலையில மட்டும் வண்டி மறைச்சுகிச்சு. எத்திராஜைக் கூப்ட்டாங்க.

"அன்னிக்குத் துப்பாக்கியத் தொட்டியா?"

"இல்ல சார்."

"அதுக்கு முன்னாடி?"

"தொட்டேன் சார். தெனம் தொடுவேன்."

"ஆயுதத்தை அடுத்தவன் தொடக்கூடாதுன்னு ரூல் இருக்குது, தெரியும்ல? அப்புறம் ஏன் தொட்ட?"

அவன் என்னை ஒரு பார்வை பாத்தான். நான் செவத்துல மாட்டியிருந்த காலண்டரைப் பாத்துகினு இருந்தேன். அப்பால அவங்க பக்கம் திரும்பி, "சும்மா சார்"ன்னான்.

சும்மாவாம். பாத்தீங்களா, ஒரு காரணம் சொல்லத் தெரியல. நியாயம் உள்ளவன்னா டக்குனு சொல்ல மாட்டானா? அந்தச் சும்மா ஒண்ணுலயே அவன் வேலை போச்சு. அன்னிக்கே சாவிய வாங்கிட்டாங்க.

எனக்கு அப்பவும் மனசு ஆறல சார். கொக்கி மேலதான் குத்தம்னு யாராவது எழுதிக் குடுத்துட்டா, அவன் மேலயும் இல்ல, என் மேலயும் இல்லன்னு ஆயிரும்ல? அவனைத் திரும்பக் கூப்ட்டுக்குவாங்க. அப்படி நெனைச்சுத்தான் மறு வாரம் பரந்தாமன் கடைக்கு எடுத்துகினு போனேன். அவரு இந்தக் கொக்கியில ஒரு அரிசி மூட்டையக் கட்டித் தொங்கவிட்டாரு. இருபத்தஞ்சு கிலோ. டீ வாங்கியாந்து குடிச்சோம், அது பாட்டுக்குத் தொங்குது. "இதுல ஒரு பழுதும் இல்ல. முழுசா உள்ள போவாம மேலாக்க உக்காந்திருக்கும். சத்தம் வந்துச்சா?"ன்னாரு. வந்துச்சேன்னேன்.

அவரு அப்பால ஒரு வேலை பண்ணாரு. முதுகைக் காட்டி நின்னுகினு, கொக்கிய ஒரு தபா பாதி நுழைச்சாராம், ஒரு தபா முழுசா நுழைச்சாராம். எது முழுசுன்னு என்னைச் சொல்லச் சொல்றாரு. வெளிய பஸ்ஸும் ஆட்டோவுமா ஓடிகினு இருக்குது, அந்த ரோட்டுல இன்னாத்த சொல்றது? ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குதுன்னேன். "பழைய வளையத்தையே முடுக்கித் தர்றேன் அண்ணே, உங்களுக்கு அதான் நல்லது"ன்னு சொல்லிட்டு, கொக்கிய என் கையில குடுத்துட்டாரு. லெட்டர் எழுதிக் குடுக்க மாட்டேன்னுட்டாரு. அவரு வித்த சாமான், அவரு எப்படி எழுதுவாரு?

இப்ப வேலை இருக்குது. லைசென்ஸ் இருக்குது. புது டிரைவர் ஒருத்தன் வந்திருக்கான். உதட்டை அசைக்கிறான், பேசறானா மெல்றானான்னு தெரியல. நானும் கேக்கறதில்ல. காலையில ஏறி உக்காந்தா சாயங்காலம் எறங்கறேன். வேலைய காப்பாத்திகினேன், ஞாயித்துக்கிழமை வண்டிக்குள்ளயே வந்து உக்காந்துகிச்சு.

இன்னிக்கு எத்திராஜ் ஊட்டுக்குத்தான் போறேன். மன்னிப்புக் கேக்க இல்ல. அவன்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும், அதுக்குத்தான். விசாரணை முடிஞ்ச அன்னிக்கு நடந்தத நான் இன்னும் உங்களுக்குச் சொல்லல. யாருக்கும் சொல்லல.

அவன் சாவியக் குடுத்துட்டு வெளிய வந்தான். நான் கேட் ஓரமா நிக்கறேன். திட்டுவான், அடிச்சாலும் அடிப்பான்னு நெனைச்சேன். அடிச்சா வாங்கிக்கலாம்னுதான் நின்னேன். என் இடது பக்கமா வந்தவன், நேரா வராம சுத்திகினு வலது பக்கம் வந்து நின்னான். கிட்ட வந்து, "அண்ணா, குக்கர்ல விசிலை எண்ணாதீங்க. கடியாரத்தப் பாத்து எறக்குங்க. பதினஞ்சு நிமிசம் போதும்"ன்னான். அவ்ளோதான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போயிட்டான்.

இதுக்கு இன்னா சார் அர்த்தம்? வேலைய இழந்துட்டுப் போறவன் குக்கரப் பத்திப் பேசுவானா? நான் ஊட்டுக்குப் போயி நெனைச்சு நெனைச்சுப் பாத்தேன். மத்தியானம் வண்டிய ஓரங்கட்டி நாங்க டப்பாவைத் தொறப்போம். என் சோறு எப்பவும் குழைஞ்சு கெடக்கும், அடியில தீஞ்சிருக்கும். அவன்தான் டப்பாவை மாத்திக்குவான். "எனக்குத் தீஞ்ச சோறுன்னா உசுரு, எங்கூட்ல இது கெடைக்காதுண்ணா"ன்னு சொல்லிகினே வழிச்சுத் தின்னுவான். அவன் பொண்டாட்டி கட்டின சோத்த நான் சாப்பிடுவேன். ரெண்டு வருஷம். நான்கூட, இன்னா கர்மம் புடிச்ச ருசிடா உன்னுதுன்னு கிண்டல் பண்ணுவேன்.

இப்ப கடியாரத்தப் பாத்துத்தான் எறக்கறேன். பதினஞ்சு நிமிசம். சோறு நல்லா இருக்குது சார். பருக்கை பருக்கையா இருக்குது. வாயில வச்சா எறங்க மாட்டேன்னுது.

அதான், ஏன்டா அப்படிச் சொன்னேன்னு அவன்கிட்ட...

இன்னா சார்? கண்டக்டர் இன்னா சொல்றாரு? சின்னேரிப்பட்டா? போயிருச்சா? எப்ப? யோவ், கூட்ரோடு வந்தா ஒரு சத்தம் குடுக்க மாட்டியா நீ? டிக்கெட்டை அதுக்குத்தானே எடுத்தேன்? இப்ப இருக்கற கண்டக்டருங்க யாரு வாயத் தொறக்கறாங்க.

கத்தினாரா?

ரெண்டு தபாவா? நீங்க கேட்டீங்களா சார்? பின்னாடி இருக்கற அந்த அம்மாவும்? எல்லாருமா?

நான் உங்ககிட்ட பேசிகினு இருந்தேன், அந்த மும்முரத்துல...

இல்ல சார். மும்முரம் இல்ல.

கேக்கல சார். எனக்குக் கேக்கல. இப்பவும் கேக்கல, அன்னிக்கும் கேக்கல. பேப்பர்ல எழுதினேனே, டக் என்ற சத்தம் கேட்டதுன்னு, அது எனக்கு ஒரு நாளும் கேட்டதில்ல. இந்த ரெண்டு வருஷத்துல ஒரே ஒரு நாள்கூட. அவன் இழுத்துப் பாத்துட்டுப் போலாம்ண்ணான்னு சொல்வான், அதான் எனக்குக் கேட்டுது. அது அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அத்தினி பேரு முன்னாடி சும்மான்னான். செவிட்டுக் கன்மேனுக்கு எவன் லைசென்ஸ் குடுப்பான்னு நெனைச்சிருக்கான். என் வேலைய நான் காப்பாத்திக்கல சார், அவன் காப்பாத்திட்டுப் போயிருக்கான். பாவி, நான் அவனைப் பாக்காம காலண்டரப் பாத்துகினு இருந்திருக்கேன்.

கண்டக்டர் சார், நிறுத்துங்க. தப்பு என் மேலதான், கோச்சுக்காதீங்க. இங்கயே எறங்கிக்கறேன். ரெண்டு கிலோமீட்டர்தானே, நடந்துருவேன்.

நாளைக்கு ஆபீஸுக்குப் போயி, நான் எழுதினது பொய்யின்னு மறுபடி எழுதிக் குடுக்கப் போறேன். லைசென்ஸ் போவட்டும். முதல்ல அவன் ஊட்டு வாசல்ல நின்னு இதை அவன்கிட்ட சொல்லணும். வாசல்லயே நிக்கவச்சு அவன் திட்டுவான் சார், திட்டாம இருக்க மாட்டான். கொஞ்சம் சத்தமாத் திட்டுடான்னு சொல்லணும்.